ஒன்பது பேர், 75 நாள்: இத்தாலியின் முதல் அமைச்சரவை

கேள்வி இதுதான்: 1861-ல் இத்தாலி ஒரே நாடானதும் அமைந்த முதல் அமைச்சரவையில் யார் யார் இருந்தார்கள்? அது நாடு முழுவதற்குமான அமைச்சரவையா, இல்லை, வடமேற்கு மூலையில் இருந்த பியட்மாண்ட் அரசாங்கமே பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிக்கொண்டதா? தென்னித்தாலியைப் பிடித்துக் கொடுத்த கரிபால்டிக்கு அதில் ஏன் நாற்காலி இல்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் பல ஊர்களிலிருந்து வந்தார்கள், சட்டம் மட்டும் ஒரே ஊரிலிருந்து வந்தது. ஒன்பது பேர் கொண்ட அந்த அமைச்சரவையில் பியட்மாண்ட்காரர்கள் இரண்டே பேர். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இதைவிட நியாயமான பங்கீடு கிடையாது. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் அமைச்சரவைத் தலைவர் கவூர். அவர் கையில் மட்டும் மூன்று பொறுப்புகள்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1859 வரை இத்தாலி என்பது ஏழெட்டுத் துண்டுகள். பியட்மாண்டையும் சார்டினியாத் தீவையும் விக்டர் இம்மானுவேல் ஆண்டார். தலைநகரம் டூரின். லொம்பார்டியும் வெனிஸும் ஆஸ்திரியாவிடம் இருந்தன. நடுவில் டஸ்கனி, பார்மா, மோடெனா ஆகிய சிற்றரசுகளும் போப்பின் நிலப்பரப்பும். தெற்கே நேப்பிள்ஸையும் சிசிலியையும் போர்பன் வம்சம் ஆண்டது. பிரான்ஸின் துணையோடு நடந்த 1859 போரில் லொம்பார்டி வந்தது. அடுத்த வசந்தத்தில் நடுப்பகுதிகள் வாக்கெடுப்பு மூலம் சேர்ந்தன. 1860 மே மாதம் கரிபால்டி ஆயிரம் பேரோடு சிசிலியில் இறங்கினார், செப்டம்பரில் நேப்பிள்ஸுக்குள் நுழைந்தார். ரோமும் வெனிஸும் மட்டும் வெளியே நின்றன. ஒன்றரை வருடத்துக்குள் இவ்வளவும் நடந்தது. இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவை புரியும்.

1861 ஜனவரி 27 அன்று தேர்தல். இடங்கள் 443. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் வாக்குரிமை பெற்றவர்கள் 4,18,696 பேர். எழுதப் படிக்கத் தெரிந்த, 25 வயது நிரம்பிய, குறிப்பிட்ட அளவு வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. அவர்களிலும் கிட்டத்தட்ட 57 சதவீதம் பேர்தான் வந்து போட்டார்கள். போப்பின் நிலத்தைப் பறித்த அரசு என்பதால், தீவிரக் கத்தோலிக்கர்களிடையே ஓட்டும் போடாதே, போட்டியும் போடாதே என்ற பிரசாரம் அப்போதே தொடங்கிவிட்டது. ஆக, முதல் அமைச்சரவைக்குப் பின்னால் நின்ற ‘மக்கள்’ என்பது நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டிய கூட்டம்.

அந்த 443 பேர் உட்கார இடம் இல்லை என்பது இன்னொரு கதை. டூரினில் கரிக்னானோ மாளிகையில் இருந்த பழைய அவை அழகானது, ஆனால் சின்னது. பியட்மாண்டுக்கு என்று கட்டியது. எனவே மாளிகையின் முற்றத்திலேயே தற்காலிகமாக ஒரு பெரிய கூடத்தைச் சில மாதங்களில் எழுப்பி, பிப்ரவரி 18 அன்று அங்கே நாடாளுமன்றத்தைத் திறந்தார்கள். பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்துவது போலத்தான். நிரந்தரக் கூடத்துக்கும் திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் 1865-ல் தலைநகரமே ஃபுளோரன்ஸுக்குப் போய்விட்டது.

மார்ச் 14 அன்று, அரசரின் பிறந்தநாளில், ஒரே ஒரு பிரிவு கொண்ட மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. விக்டர் இம்மானுவேல் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ‘இத்தாலியின் அரசர்’ என்ற பட்டத்தை ஏற்கிறார் என்பதே விஷயம். மார்ச் 17 அன்று அது சட்டமானது. அதன் எண் 4671, அதாவது பழைய சார்டினிய ராஜ்ஜியத்தின் வரிசையிலேயே வந்த சட்டம். பட்டத்தில் இருந்த ‘இரண்டாம்’ என்ற எண்ணையும் அரசர் விடவில்லை. இத்தாலிக்கு முதல் அரசர், ஆனால் பெயர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல். நாடாளுமன்றமும் முதலாவது என்று எண்ணப்படவில்லை. பியட்மாண்டின் ஏழுக்கு அடுத்த எட்டாவது. அமைச்சரவையையும் கவூரின் நான்காவது அமைச்சரவை என்றே வரலாற்றாசிரியர்கள் எண்ணுகிறார்கள். பெயர்ப்பலகை பற்றிய கேள்விக்கு இந்த எண்களே பாதி பதில்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன வேடிக்கை: நாடு பிரகடனமான அன்று அப்ருட்சி மலைப்பகுதியில் சிவிதெல்லா தெல் த்ரோந்தோ என்ற கோட்டையில் போர்பன் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அது சரணடைந்தது மார்ச் 20 அன்று. மூன்று நாள் கழித்து, மார்ச் 23 அன்று, புது அமைச்சரவை பதவியேற்றது.

ஏற்கெனவே ஒரு அமைச்சரவை இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்கலாம். 1860 ஜனவரி முதல் கவூர்தான் ஆட்சியில் இருந்தார். பெரும்பான்மைக்கும் குறையில்லை. ஆனால் பியட்மாண்ட் அரசருக்கு அமைத்த மந்திரிசபை இத்தாலி அரசருக்கு ஆகாது என்று அவர் நினைத்தார். எனவே ராஜினாமா செய்து, வழிவிடுவது போல விட்டு, மறுபடி தானே அமைத்தார். அரசருக்கும் அவருக்கும் பெரிய பாசமெல்லாம் கிடையாது. 1859-ல் ஆஸ்திரியாவோடு பாதியில் சமாதானம் ஆனபோது இருவருக்கும் நேருக்கு நேர் வாக்குவாதம் முற்றி, கவூர் பதவியையே தூக்கி எறிந்துவிட்டுப் போனவர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1848-ல் தரப்பட்ட அரசியல் சாசனத்தில் பிரதமர் என்ற பதவியே கிடையாது. அமைச்சர்களை அரசர் நியமிப்பார், நீக்குவார், அவ்வளவுதான். அமைச்சரவைக்குத் தலைவர் ஒருவர், அவருக்கு நாடாளுமன்றத்தின் ஆதரவு வேண்டும் என்ற வழக்கத்தை நடைமுறையில் வேரூன்ற வைத்தது பெரும்பாலும் கவூரின் பழக்கம். சாசனத்தில் எழுதாத பதவியில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் நாட்டை நடத்தினார்.

சரி, ஆட்களைப் பார்ப்போம்.

அமைச்சரவைத் தலைமை, வெளியுறவு, கடற்படை மூன்றும் கவூரிடம். வயது 50. டூரின் பிரபு குடும்பம், கட்டைகுட்டையான உருவம், மூக்குக் கண்ணாடி, குஷி வந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம். வெர்செல்லி பக்கம் லேரி என்ற ஊரில் நெல் விளையும் பண்ணையை நடத்தியவர், பத்திரிகை நடத்தியவர், வங்கி, ரயில் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். அவர் இயல்பாகப் பேசியதும் எழுதியதும் பிரெஞ்சில். இத்தாலியில் பேச வேண்டுமானால் தேடித்தேடித்தான் பேசுவார். டஸ்கனிக்குத் தெற்கே அவர் காலே வைத்ததில்லை. நேப்பிள்ஸையும் சிசிலியையும் பார்க்காமலே அவற்றுக்குப் பிரதமரானவர். லண்டனும் பாரிஸும் அவருக்கு அத்துப்படி.

கடற்படையை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் தெரிகிறது. சார்டினியக் கடற்படையைவிட நேப்பிள்ஸ் கடற்படை பெரியது. சின்னது பெரியதை விழுங்கும் இணைப்பு அது. இரு தரப்பு அதிகாரிகளுக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. வேறு யாரிடம் கொடுத்தாலும் ஒரு பக்கம் முறைக்கும். அந்தக் கசப்பு பிறகும் தீர்ந்தபாடில்லை. 1866-ல் லிஸ்ஸா கடற்போரில் ஆஸ்திரியாவிடம் வாங்கிய அடிக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

உள்துறை பொலோன்யாக்காரரான மார்கோ மிங்கெட்டியிடம். 42 வயது. 1848-ல் போப் ஒன்பதாம் பயஸ் சீர்திருத்தவாதியாகத் தோன்றிய கொஞ்ச காலத்தில், அதே போப்பின் அரசில் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர். பதின்மூன்று வருடம் கழித்து, அந்தப் போப்பிடமிருந்து ரோமை எப்படி வாங்குவது என்று யோசிக்கும் அமைச்சரவையில் உள்துறையில் உட்கார்ந்திருக்கிறார். அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக் கடந்துபோகலாம்தான். ஆனால் இவர் கட்சி தாவியவரல்ல. போப்தான் திசை மாறினார்.

நிதி, லிவோர்னோ வங்கியாளர் பியெத்ரோ பஸ்தோஜியிடம். இளவயதில் மாஜினியின் ‘இளம் இத்தாலி’ ரகசிய இயக்கத்துக்குக் கணக்கு வைத்திருந்தவர். பிறகு பெரும் பணக்காரர். பொதுப்பணி இலாகா ஃபுளோரன்ஸ் பிரபு உபால்தினோ பெருட்சிக்கு. 1859-ல் டஸ்கனியின் கோமகன் ஊரைவிட்டுப் போனபோது பொறுப்பேற்ற தற்காலிக அரசின் மூவரில் இவரும் ஒருவர். நீதித்துறை கசினிஸுக்கு. கவூரைத் தவிர இருந்த ஒரே பியட்மாண்ட்காரர் இவர்தான்.

போர்த்துறை அமைச்சர் தளபதி மன்ஃப்ரேதோ ஃபாந்தி, மோடெனா பக்கத்துக் கார்ப்பி ஊர்க்காரர். 1831 புரட்சியில் சேர்ந்ததற்காக மோடெனா கோமகனின் அரசு இவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆள் அகப்படாததால் உருவப்பொம்மையைத் தூக்கிலிட்டார்கள். பிரான்ஸுக்கு ஓடி, ஸ்பெயினில் போரிட்டு, 1848-ல் திரும்பி வந்தார்.

தெற்கிலிருந்து மூன்று பேர். கல்வி, பிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸிடம். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான். நேப்பிள்ஸுக்கு உள்ளே மலைக்கிராமமான மொர்ராவில் பிறந்த இலக்கிய ஆசிரியர். போர்பன் அரசு இவரைக் கடலோரக் கோட்டை ஒன்றில் கிட்டத்தட்ட மூன்று வருடம் அடைத்து வைத்தது. அங்கே உட்கார்ந்து ஜெர்மன் கற்றுக்கொண்டு தத்துவவாதி ஹெகலை மொழிபெயர்த்தார். பிறகு நாடு கடத்தப்பட்டு, டூரின் வந்து, அங்கிருந்து சூரிச் போய்ப் பாலிடெக்னிக்கில் இத்தாலிய இலக்கியம் நடத்தினார். கரிபால்டி வந்ததும் ஊர் திரும்பி, நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் பழைய பேராசிரியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவந்தார். அமைச்சரான அஞ்சாம் நாள் அவருக்கு 44 வயது நிறைந்தது. அவர் கையில் வந்த நாட்டில் நாலில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தாலி மொழியைப் பேசத் தெரிந்தவர்களே நூற்றுக்கு இரண்டரை பேர் என்பது ஒரு மதிப்பீடு, பத்துப் பேர் என்பது இன்னொன்று. எதை எடுத்தாலும் அமைச்சரின் தாய்மொழிப் பாடம் முக்கால்வாசிக் குடிமக்களுக்கு அந்நிய மொழிப் பாடம். அரசர் டூரினின் வட்டார மொழியில் பேசுவார், பிரதமர் பிரெஞ்சில் யோசிப்பார் என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா?

விவசாயம், தொழில், வணிகம் இலாகா சிசிலியின் மெசினா நகரத்து ஜுசெப்பே நாத்தோலிக்கு. ஒன்பதாமவர் வின்சென்சோ நியூத்தா. நேப்பிள்ஸின் சட்ட அறிஞர், இலாகா இல்லாத அமைச்சர். நேப்பிள்ஸ் அந்தக் காலத்தில் இத்தாலியின் மிகப் பெரிய நகரம், நேற்றுவரை தலைநகரமாக இருந்த ஊர். அங்கிருந்து இன்னொருவரைச் சேர்த்தே ஆக வேண்டும், கையில் இலாகா மிச்சமில்லை. இந்த ஏற்பாடு நம் ஊர் வாசகர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

ஆக, பியட்மாண்ட் இரண்டு, எமிலியா பகுதி (பொலோன்யா, மோடெனா பக்கம்) இரண்டு, டஸ்கனி இரண்டு, நேப்பிள்ஸ் இரண்டு, சிசிலி ஒன்று. கவனித்துப் பாருங்கள், லொம்பார்டிக்கு ஒன்றுமில்லை. மிலானைக் கொண்ட, முதலில் வந்து சேர்ந்த பணக்கார மாகாணம் அது. முந்தைய அமைச்சரவையில் அங்கிருந்து யாச்சினி பொதுப்பணித் துறையில் இருந்தார். தெற்குக்கும் டஸ்கனிக்கும் இடம் கொடுக்க அவர் இறங்க வேண்டியதாயிற்று.

நாற்காலிகள் இப்படிப் பிரிந்தன. இனி அதிகாரம் எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால் கதை வேறு. அந்த 75 நாளின் பெரிய விஷயங்கள் நான்கு: ரோம், படை, மாகாணங்கள், கடன்.

ரோம் விஷயத்தில் கவூர் பதவியேற்ற இரண்டாம் நாளே, மார்ச் 25 அன்று, அவையில் எழுந்து, ரோம்தான் இத்தாலியின் தலைநகரம், வேறு எந்த ஊரும் ஆக முடியாது என்று அறிவித்தார். 27-ஆம் தேதி ‘சுதந்திரமான அரசில் சுதந்திரமான திருச்சபை’ என்ற புகழ்பெற்ற வாசகத்தைச் சொன்னார். அவையும் ஆமோதித்தது. இதில் தந்திரம் இருக்கிறது. ரோமில் பிரெஞ்சுப் படை நின்றது. போப்போடு அவர் ரகசியமாக நடத்திய பேச்சுவார்த்தை அதே மாதம் முறிந்துபோயிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மிலானா, ஃபுளோரன்ஸா, நேப்பிள்ஸா, டூரினா என்று நான்கு முன்னாள் தலைநகரங்கள் முட்டிக்கொள்ளும் நேரத்தில், யாரிடமும் இல்லாத ஐந்தாவது ஊரைக் காட்டினால் நான்கும் வாயடைத்துப்போகும். ரோம் உண்மையில் வந்து சேர 1870 செப்டம்பர் ஆயிற்று.

படை விஷயம்தான் அமைச்சரவையை ஆட்டிவிட்டது. கரிபால்டியின் தென்படையில் கடைசியில் சுமார் 50,000 பேர், ஏழாயிரம் அளவில் அதிகாரிகள். முறையான ராணுவத்தைக் கட்டுவது ஃபாந்தியின் வேலை. கரிபால்டியின் ஆட்களான சிவப்புச் சட்டைக்காரர்களில் யார் நேற்று மளிகைக் கடை வைத்திருந்தவர், யார் நிஜமாகவே படை நடத்தத் தெரிந்தவர் என்று அவருக்குத் தெரியவில்லை. சிப்பாய்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அதிகாரிகளைக் குழு ஒன்று வடிகட்டும் என்றார். இதுவரைகூட ராணுவக் கண்ணோட்டத்தில் நியாயம் சொல்லலாம். ஆனால் எதிரியாக நின்ற போர்பன் படை அதிகாரிகள் பலர் பதவியோடு உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஜெயித்தவன் வாசலில் நிற்க, தோற்றவன் உள்ளே சாப்பிடுகிறான் என்றால் வயிறு எரியாதா?

ஏப்ரல் 18 அன்று நேப்பிள்ஸ் உறுப்பினராகக் கரிபால்டி அவைக்கு வந்தார். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே சிவப்புச் சட்டை, மேலே சாம்பல் நிறப் போர்வை. தென்னமெரிக்காவில் போரிட்ட நாட்களில் ஒட்டிக்கொண்ட உடை அது. மாடத்தில் இருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஃபாந்தி புள்ளிவிவரத்தோடு பேசி உட்கார்ந்தார். கரிபால்டி கையில் இருந்த குறிப்பைப் படிக்கத் தொடங்கினார், தடுமாறினார், தாளை ஓரம் வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினார். இந்த அமைச்சரவையின் பகைமை படிந்த குளிர்ந்த கை சகோதரப் போரை மூட்டியது என்றார். தென்படையை எதிர்கொள்ள 1860-ல் கவூர் ராணுவத்தை அனுப்பியதைத்தான் சொன்னார். கவூர் துள்ளி எழுந்து மேசையைக் குத்தினார். உறுப்பினர்கள் இருக்கைகளை விட்டு இறங்கி ஓடினார்கள். அவைத் தலைவர் ரத்தாட்சி கூட்டத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. திரும்பக் கூடியபோது, கரிபால்டியின் வலக்கையாக இருந்த நீனோ பிக்ஸியோவே எழுந்து இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொல்லிக் கெஞ்சினார். கவூர் நடந்ததை மறந்துவிடுவதாகச் சொன்னார். ஓட்டெடுப்பில் அரசு வென்றது. சில நாள் கழித்து அரசரே இருவரையும் உட்கார வைத்துப் பேச வைத்தார். உறவு ஒட்டவில்லை.

கரிபால்டியின் கோபத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1860-ல் பிரான்ஸின் ஒப்புதலுக்கு விலையாகக் கவூர் கொடுத்த இரண்டு இடங்களில் ஒன்று நீஸ். அது கரிபால்டி பிறந்த ஊர். இத்தாலியை உண்டாக்கியவனைச் சொந்த மண்ணில் அந்நியனாக்கிய மனிதரின் கையை எப்படிக் குலுக்குவது? அவருக்கு அமைச்சர் பதவி கொடுத்திருந்தாலும் ஏற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நேப்பிள்ஸை அரசரிடம் ஒப்படைத்த பிறகு அவர் கேட்டது தெற்கின் நிர்வாகத்தை ஒரு வருடத்துக்குத் தன்னிடம் விடச் சொல்லி. அது கிடைக்கவில்லை என்றதும் விதை மூட்டையோடு கப்ரேரா தீவுக்குப் போய்விட்டார். இலாகா பேரத்துக்குள் அடங்கும் ஆளில்லை அவர். ஃபாந்தியின் பக்கம் வென்றது. மே 4 அன்று அவர் வெளியிட்ட ஆணையின்படி சார்டினியப் படை என்ற பெயர் மறைந்து ‘இத்தாலியப் படை’ ஆயிற்று. அந்தத் தேதியைத்தான் இத்தாலிய ராணுவம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

மூன்றாவது, மாகாணங்கள். என் பார்வையில் இந்த அமைச்சரவையின் உண்மையான சோதனை இதுதான். மிங்கெட்டி மார்ச் நடுவிலேயே சில மசோதாக்களைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்துப் பிராந்தியங்கள் உண்டாக்குவது, சாலை, உயர்கல்வி, விவசாயம் போன்றவற்றை அந்தப் பிராந்தியங்களிடமே விடுவது, ஊர்த் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க விடுவது. டஸ்கனிக்குத் தன் பழைய குற்றவியல் சட்டம் உயிர், நேப்பிள்ஸுக்குத் தன் வழக்கறிஞர் மரபு உயிர். எல்லாவற்றையும் ஒரே நாளில் டூரின் அச்சில் வார்க்க வேண்டாமே என்பது அவர் எண்ணம். கவூரும் ஆரம்பத்தில் இதற்கு எதிரியல்ல, இங்கிலாந்தின் உள்ளாட்சி முறையை மெச்சியவர். ஆனால் அவையில் பயம் புகுந்துவிட்டது. நேற்று உடைந்த ராஜ்ஜியங்களுக்குப் பிராந்தியம் என்று பெயர் வைத்து மறுபடி ஒட்ட வைக்கிறீர்களா என்று கேட்டார்கள். தெற்கு உறுப்பினர்களிலேயே பலர், போர்பன் ஆட்களின் பிடியில் ஊரை விட்டுவிடாதீர்கள், டூரினே ஆளட்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் கேட்டதும் ஒரு காரணம் என்பதால், எல்லாம் பியட்மாண்டின் சதி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழு மசோதாவை நிராகரித்தது. செப்டம்பரில் மிங்கெட்டி விலகினார். அக்டோபரில் வந்த ஆணைகள் 59 மாவட்டங்களையும் மத்திய அரசு நியமிக்கும் அதிகாரிகளின் கீழ் வைத்தன. அதற்கு அடிப்படை, அவசரக் காலத்தில் நாடாளுமன்ற விவாதம் இல்லாமல் பியட்மாண்டில் வந்த 1859 சட்டம். மிங்கெட்டி சொன்ன பிராந்தியங்கள் 1948 அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு, பெரும்பாலானவற்றுக்கு முதல் தேர்தல் 1970-ல் நடந்தது.

நான்காவது, கடன். பஸ்தோஜி பொறுப்பேற்றபோது செலவு வரவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் செய்த காரியம் துணிச்சலானது. ஒவ்வொரு பழைய அரசும் வாங்கிய கடன்களை எல்லாம் ஒரே ‘பொதுக் கடன் பேரேட்டில்’ ஏற்றி, இத்தாலி அரசே கட்டும் என்றார். பாரிஸிலும் லண்டனிலும் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி. கடன் கொடுத்தவனுக்கு நாடு உடையாது என்ற நம்பிக்கை வந்துவிட்டால், உடையாமல் பார்த்துக்கொள்வதில் அவனுக்கும் அக்கறை வந்துவிடும். சட்டம் ஜூலையில் நிறைவேறியது, கூடவே 50 கோடி லிரா புதுக் கடனுக்கும் அனுமதி. ஆனால் மொத்தக் கடனில் பாதிக்கு மேல் பழைய சார்டினிய ராஜ்ஜியம் வாங்கியது. போருக்கும் ரயிலுக்கும் டூரின் வாங்கிய கடனுக்குப் பலெர்மோ விவசாயியும் வரி கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். தெற்கத்திக்காரர்கள் இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுவார்கள். பஸ்தோஜி அடுத்த வருடமே தெற்கு ரயில்வே கம்பெனியைத் தொடங்கி ஒப்பந்தத்தை எடுத்தார். 1864-ல் அது பெரிய ஊழல் விவகாரமாக வெடித்தது. பேரேட்டைத் திறந்த கையே அது.

இதெல்லாம் டூரினில் நடக்கும்போது தெற்கு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரல் நடுவில் பசிலிகாத்தாவில் கார்மினே க்ரோக்கோ என்பவரின் தலைமையில் விவசாயிகளும் பழைய சிப்பாய்களுமாகச் சேர்ந்து மெல்ஃபி நகரத்தையே பிடித்துச் சில நாள் வைத்திருந்தார்கள். நிலம் பங்குக்கு வரும் என்று நம்பியவர்களுக்குக் கிடைத்தது கட்டாய ராணுவச் சேவை. அமைச்சரவையில் மூன்று தெற்கத்திக்காரர்கள் இருந்தும் இது எட்டவில்லையா என்றால், எட்டியிருக்கும். ஆனால் ஒருவரிடம் பள்ளிக்கூடம், ஒருவரிடம் விவசாயம், ஒருவரிடம் ஒன்றுமே இல்லை. நேப்பிள்ஸை ஆள அனுப்பியதோ வடக்கிலிருந்து, ஒருவர் மாற்றி ஒருவராக. ஜனவரியில் வந்தவர் மே மாதம் போனார், மே மாதம் வந்தவர் ஜூலையில் போனார்.

மே 29 மாலை கவூர் காய்ச்சலில் விழுந்தார். மலேரியா என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வைத்தியர்கள் அந்தக் கால வழக்கப்படி திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். போப்பின் நிலத்தை எடுத்தவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்ததால் இறுதிச் சடங்கு கிடைக்காமல் போகலாம் என்று முன்யோசனையோடு, வருடங்களுக்கு முன்பே தனக்குத் தெரிந்த துறவி ஜாக்கோமோவிடம் பேசி வைத்திருந்தார். அவரும் வந்தார், மன்னிப்பு வழங்கினார். பிற்பாடு ரோமுக்கு அழைக்கப்பட்டு அதற்கான தண்டனையையும் அனுபவித்தார். காய்ச்சல் வேகத்தில் கவூர் நேப்பிள்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக அருகில் இருந்த அண்ணன் மகள் எழுதி வைத்திருக்கிறார். ராணுவச் சட்டம் வேண்டவே வேண்டாம், அதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஆளலாம் என்றாராம். ஜூன் 6 காலை உயிர் பிரிந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் தெற்கு முழுக்க அவசரநிலை வந்தது.

அமைச்சரவை அதோடு முடிந்தது. ஜூன் 12 அன்று டஸ்கனியின் ‘இரும்புப் பிரபு’ ரிக்காசோலி பொறுப்பேற்றார். மிங்கெட்டி, பஸ்தோஜி, பெருட்சி, தெ சாங்க்டிஸ் தொடர்ந்தார்கள். ஃபாந்தி போனார், நாத்தோலியின் இலாகா வேறொரு சிசிலிக்காரருக்குப் போனது. கவூர் காத்திருந்த பிரான்ஸின் அங்கீகாரம் அதே ஜூனில், அவர் இறந்த பிறகு வந்தது.

மாஜினி எங்கே என்று யாராவது கேட்பீர்கள், பாரதி பாடியதால் நமக்குக் கவூரைவிட அவரைத்தான் தெரியும். அவர் குடியரசுக்காரர், அரசரின் அமைச்சரவைக்குள் வரமாட்டார். வர நினைத்தாலும் பியட்மாண்ட் நீதிமன்றம் விதித்த மரண தண்டனை தலைமேல் இருந்தது. புது ராஜ்ஜியம் அதையும் சேர்த்தே சுவீகரித்திருந்தது. 1866-ல் நாத்தோலியின் சொந்த ஊரான மெசினா, மாஜினியை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. தண்டனை பெற்றவர் என்று அவை தேர்தலைச் செல்லாதென்றது. மெசினா மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தது. மறுபடி செல்லாதென்றார்கள். அடுத்த வருடம் மெசினாவில் காலரா பரவியபோது ஊருக்குப் போய் நோயாளிகளிடையே நின்ற நாத்தோலி, அந்த நோயிலேயே இறந்தார்.